மைதானத்தின் நிலம் யாருடையது? வாஷிங்டன் அணியின் நிறத்தடை உடைந்த விதம், 1961–62: ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வை எடுத்துக்கொண்ட காரணம்

அமெரிக்க விளையாட்டில் நிறத்தடை உடைந்த கதை என்றதும் பெரும்பாலோருக்கு நினைவில் வருவது 1947-இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணிக்காகக் களமிறங்கிய ஜாக்கி ராபின்சன்தான். அந்தக் கதையில் அணி நிர்வாகத்தின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி தாமே முன்வந்து ஒரு கறுப்பின வீரரைத் தேடி எடுத்தார். எதிர்ப்பு வெளியிலிருந்து வந்தது. இங்கே ஆராயப்படும் நிகழ்வு அதற்கு நேர்மாறானது. வாஷிங்டன் நகரின் அமெரிக்கக் கால்பந்து அணியில், அதாவது நாம் அறிந்த உதைபந்தாட்டம் அல்லாத, முட்டைவடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டத்தின் அணியில், கதவைச் சாத்தி வைத்திருந்தவர் அதன் உரிமையாளரே. அவர் மனம் மாறவில்லை. மாறியதாக அவரும் சொல்லிக்கொண்டதில்லை. ஆனாலும் கதவு திறந்தது. மனம் மாறாத ஒருவரிடமிருந்து எப்படி ஒரு மாற்றத்தைப் பெற முடிந்தது, அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பதே இந்த ஆய்வின் பொருள்.

பொதுவாழ்வில் இருந்தவர்களை மட்டும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறேன். மற்றவர்கள் அவரவர் பொறுப்பால் மட்டுமே சுட்டப்படுகிறார்கள்.

பின்னணி: பன்னிரண்டு சீசன்களின் வெற்றிடம்

தேசியக் கால்பந்து லீக்கில், சுருக்கமாக என்.எஃப்.எல்., கறுப்பின வீரர்கள் தொடக்கத்தில் இருக்கவே செய்தார்கள். லீக் தொடங்கிய 1920-இலேயே ஏக்ரன் அணிக்காக ஃபிரிட்ஸ் பொல்லார்டு ஆடினார்; அடுத்த ஆண்டு அதே அணியின் தலைமைப் பயிற்சியாளராகவும் ஆனார். 1933-இல் ஜோ லில்லார்டும் ரே கெம்ப்பும் ஆடினார்கள். அதற்குப் பிறகு 1934 முதல் 1945 வரை பன்னிரண்டு சீசன்களுக்கு ஒரு கறுப்பின வீரரும் இல்லை. எழுதிவைத்த விதி எதுவும் கிடையாது. விதி இல்லாததால் அதை எதிர்த்து வழக்குப் போடவும் இடமில்லை, யாரையும் குறிப்பிட்டுக் குற்றம் சாட்டவும் வழியில்லை. எல்லா அணிகளும் ஒரே நேரத்தில் தற்செயலாகத் தகுதியான கறுப்பின வீரரைக் காணத் தவறிவிட்டன என்பதுபோல் காரியம் நடந்தது.

அந்த வெற்றிடம் 1946-இல் லாஸ் ஏஞ்சலிஸில் முடிவுக்கு வந்த விதத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் வாஷிங்டனில் 15 ஆண்டுகள் கழித்து நடந்தது அதன் மறுபதிப்பு. கிளீவ்லாந்தில் இருந்த ராம்ஸ் அணி லாஸ் ஏஞ்சலிஸுக்கு இடம்பெயர்ந்து, அங்குள்ள கொலிசியம் மைதானத்தை வாடகைக்குக் கேட்டது. கொலிசியம் பொதுச் சொத்து. அதை நிர்வகித்தது ஓர் ஆணையம். 1946 ஜனவரியில் அந்த ஆணையம் கூடியபோது, கறுப்பினப் பத்திரிகையாளரான ஹேலி ஹார்டிங் எழுந்து, கறுப்பினத்தவரும் வரி கட்டும் மைதானத்தைக் கறுப்பினத்தவரை ஒதுக்கும் அணிக்கு எப்படித் தருவீர்கள் என்ற கேள்வியை எழுப்பினார். அவையில் இருந்த அணி நிர்வாகியால் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. மார்ச் மாதம் கென்னி வாஷிங்டனை ராம்ஸ் ஒப்பந்தம் செய்தது. யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் ஜாக்கி ராபின்சனோடு ஆடி 1939-இலேயே நாடறிந்தவராக இருந்த அவருக்கு இந்த அழைப்பு வரும்போது வயது 27. முழங்கால்கள் அறுவைச் சிகிச்சை கண்டிருந்தன. அப்படியும் 1947-இல் ஒரே ஓட்டத்தில் 92 யார்டு கடந்து காட்டினார். மூன்று சீசன்களோடு அவரது ஆட்டம் முடிந்தது. இழந்த ஆறேழு ஆண்டுகளை யாரும் அவருக்குத் திருப்பித் தரவில்லை.

அதன்பின் ஒவ்வோர் அணியாக வழிக்கு வந்தது. 1952-க்குள் வாஷிங்டன் நீங்கலாக மற்ற எல்லா அணிகளும் ஒருமுறையாவது கறுப்பின வீரரைச் சேர்த்திருந்தன.

உரிமையாளரும் அவரது கணக்கும்

வாஷிங்டன் ரெட்ஸ்கின்ஸ் அணியின் உரிமையாளர் ஜார்ஜ் பிரஸ்டன் மார்ஷல். சலவைத்தொழிலில் பணம் சேர்த்தவர். 1932-இல் பாஸ்டனில் அணியைத் தொடங்கி 1937-இல் வாஷிங்டனுக்குக் கொண்டுவந்தவர். அவரை வெறும் பிடிவாதக்காரர் என்று ஒதுக்கிவிட்டால் இந்த நிகழ்வு புரியாது. லீக்கை இரண்டு பிரிவாகப் பிரித்து இறுதிப்போட்டி நடத்தும் முறைக்கு 1933-இல் அடித்தளமிட்டவர்களில் அவரும் ஒருவர். இடைவேளையில் பேண்டு வாத்தியம், அணிவகுப்பு என்று ஆட்டத்தை ஒரு திருவிழாவாக மாற்றியவர். 1937-இலும் 1942-இலும் அவரது அணி பட்டம் வென்றது.

அவரது கணக்கு எளிமையானது. டாலஸ் அணி 1960-இல் உருவாகும்வரை லீக்கின் தெற்குமூலை அணி அவருடையதுதான். தென்மாநிலங்கள் முழுவதும் வானொலி, தொலைக்காட்சி நிலையங்களைக் கோத்து ஒரு வலைப்பின்னல் அமைத்து, ரெட்ஸ்கின்ஸை வெள்ளைத் தெற்கின் அணியாக விற்றார். வீரர்களையும் பெரும்பாலும் தென்பகுதிக் கல்லூரிகளிலிருந்தே எடுத்தார். கறுப்பினக் கூடைப்பந்துக் குழுவான ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் எப்போது வெள்ளையரைச் சேர்க்கிறதோ அப்போது நானும் கறுப்பினத்தவரைச் சேர்ப்பேன் என்று சொல்லிச் சிரித்தவர் அவர். இதில் வெறுப்பு எவ்வளவு, வணிகம் எவ்வளவு என்று பிரித்தறிய முயன்றவர்கள் உண்டு. என் கணிப்பில் அந்தப் பிரிவினை தேவையில்லாதது. இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

கவனிக்கப்பட்டவை

1950-களின் இறுதியில் இந்த நிலைமையைப் பார்த்துக்கொண்டிருந்த எவருக்கும் மூன்று விஷயங்கள் தெரிந்திருக்கும்.

முதலாவது, அணி தோற்றுக்கொண்டிருந்தது. 1946 முதல் 1961 வரையிலான 16 சீசன்களில், தோல்விகளைவிட வெற்றிகள் மிகுந்த சீசன்கள் மூன்றே மூன்று. 1960-இல் ஒரே ஒரு வெற்றி. எதிரணிகள் நாட்டின் சிறந்த ஓட்டக்காரர்களைத் தடையின்றிச் சேர்த்துக்கொண்டிருந்த காலத்தில் வாஷிங்டன் தன் கையைத் தானே கட்டிக்கொண்டு ஆடியது. வாஷிங்டன் போஸ்ட் நாளேட்டின் ஷெர்லி பொவிச், கிளீவ்லாந்தின் ஜிம் பிரவுன் மூன்று டச்டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்து பெறும் புள்ளிகள்) எடுத்த ஒரு நாளில், இந்த அணியில் ஆடப் பிறப்பிலேயே தகுதியிழந்த பிரவுன் அதன் எல்லைக்கோட்டுக்குள் மூன்று முறை இன ஒருங்கிணைப்பை நிகழ்த்தினார் என்ற பொருள்பட எழுதினார். கறுப்பினப் பத்திரிகையான ஆஃப்ரோ-அமெரிக்கனில் சாம் லேசி பல ஆண்டுகளாக இதையே சிரிப்பில்லாமல் எழுதிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது, ஊரின் முகம் மாறியிருந்தது. 1960 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வாஷிங்டன் நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர். ஆனால் அந்நகரத்தாருக்குக் குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்களிக்கும் உரிமைகூட அப்போது இல்லை. அதைத் தந்த 23-ஆவது திருத்தம் 1961 மார்ச் 29-இல்தான் நிறைவேறியது. மேயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இன்னும் பல ஆண்டுகள் தள்ளி வந்தது. ஊரில் பெரும்பான்மையாக இருந்தும் உள்ளூர் ஆட்சியின் வழியாக அழுத்தம் தர அவர்களுக்கு வழியில்லை.

மூன்றாவதுதான் தீர்மானகரமானது. 1960 வரை அணி ஆடிவந்த கிரிஃபித் மைதானம் ஒரு தனியார் குடும்பத்துக்குச் சொந்தம். ஹோவர்டு பல்கலைக்கழகத்தை ஒட்டி, கறுப்பினத்தவர் வாழும் பகுதியிலேயே அது இருந்தது. கறுப்பின பேஸ்பால் அணியான ஹோம்ஸ்டெட் கிரேஸ் அதே புல்தரையில் ஆடியிருந்தது. தனியார் இடம் என்பதால் அங்கே யார் ஆடலாம் என்று கேட்க அரசுக்கு உரிமையில்லை. 1957-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, அனகோஸ்டியா ஆற்றங்கரையில் புதிய டி.சி. மைதானத்தைக் கட்ட வழிவகுத்தது. அந்த நிலம் தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் இருந்தது. அத்துறையோ உள்துறைச் செயலரின் கீழ். (அமெரிக்காவின் உள்துறை நம் ஊர் உள்துறையைப் போல் காவல்துறையைப் பார்ப்பதல்ல; தேசியப் பூங்கா, பொதுநிலம் ஆகியவற்றைப் பார்ப்பது.) 1959-இல் மார்ஷல் அந்த மைதானத்துக்கு 30 ஆண்டுக் குத்தகையில் கையெழுத்திட்டார். கையெழுத்திட்ட அன்று தான் எந்த நிலக்கிழாரின் வாசலுக்குக் குடிபோகிறோம் என்பதை அவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

1961 மார்ச்: எடுக்கப்பட்ட முடிவு

1961 ஜனவரியில் ஜான் கென்னடியின் அமைச்சரவையில் உள்துறைச் செயலராகப் பொறுப்பேற்றவர் ஸ்டூவர்ட் யூடால். அரிசோனாக்காரர், பல்கலைக்கழக நாட்களில் கூடைப்பந்து ஆடியவர். மார்ச் 6-இல் கென்னடி பிறப்பித்த 10925-ஆம் எண் நிர்வாக ஆணை, அரசோடு ஒப்பந்தம் செய்வோர் இனப்பாகுபாடின்றி ஆள் எடுக்க வேண்டும் என்றது. அரசின் கொள்கை எந்தப் பக்கம் சாய்கிறது என்பது அதோடு வெளிச்சமாகிவிட்டது. தம் துறைக்குட்பட்ட பூங்கா நிலங்களில் இயங்குவோர் வேலையளிப்பில் பாகுபாடு காட்டக் கூடாது என்ற ஒழுங்குமுறையை யூடால் கொண்டுவந்து, மார்ச் 24-இல் மார்ஷலுக்குக் கடிதம் அனுப்பினார். அணியின் போக்கு மாறாவிட்டால் புதிய மைதானத்தைப் பயன்படுத்த முடியாது என்பது அதன் சாரம்.

இந்த முடிவில் கவனிக்க வேண்டியது, எது கேட்கப்படவில்லை என்பதே. மார்ஷல் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று யூடால் கோரவில்லை. லீக்கிடம் விதி இயற்றச் சொல்லவில்லை. அந்த ஆண்டில் பொதுவிடங்களிலும் தனியார் வேலையளிப்பிலும் பாகுபாட்டைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் கிடையாது. 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்துக்கு இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. ஆகவே விளையாட்டு அணி ஒன்றின் உரிமையாளரை அரசு நேராகக் கட்டாயப்படுத்தும் வழி அடைபட்டிருந்தது. நிலத்தின் உரிமையாளர் குடியிருப்பவருக்கு நிபந்தனை விதிக்கும் வழி மட்டும் திறந்திருந்தது. யூடால் சட்டமன்றத்தையோ நீதிமன்றத்தையோ நாடாமல், வீட்டுக்காரர் என்ற தம் இடத்தில் நின்று பேசினார். இந்த நிகழ்வின் திறமையான பகுதி அதுவே என்பது என் மதிப்பீடு.

மார்ச் முதல் ஆகஸ்ட் வரை

மார்ஷல் முதலில் கேலியில் இறங்கினார். கறுப்பினத்தவர் மட்டும் ஏன், பெண்களையும் சேர்க்கச் சொல்வதுதானே என்றார். தேசிய சிம்பொனி இசைக்குழுவையும் இப்படிக் கேட்பார்களா என்றார். நாடகம் போடுபவர் யாரை நடிக்கவைப்பது என்பதை அரசு சொல்வதா என்ற தொனி அது. தெருவில் மறியல் நடந்தது. கறுப்பின உரிமை அமைப்புகள் அணியின் ஆட்டங்களுக்கு வெளியே பதாகை ஏந்தின. மறுபக்கம் அமெரிக்க நாஜிக் கட்சியினர் அணியை வெள்ளையாகவே வைத்திருக்கக் கோரிப் பதாகை பிடித்தார்கள். தமக்காக வாதாட யார் வந்து நிற்கிறார்கள் என்பதைப் பார்த்த பிறகும் மார்ஷல் அசையவில்லை.

அசைத்தது நாட்காட்டி. புதிய மைதானத்தின் முதல் ஆட்டம் அக்டோபர் 1-இல். பழைய மைதானத்தை விட்டு வந்தாயிற்று. திரும்பிப் போக இடமில்லை. லீக்கின் ஆணையர் பீட் ரோசெல் நடுவில் புகுந்து பேசினார். ஆகஸ்டில் மார்ஷல் ஓர் உறுதி அளித்தார்: டிசம்பரில் நடக்கும் அடுத்த டிராஃப்டில், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் வரிசைமுறையில் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், கறுப்பின வீரரைத் தேர்ந்தெடுப்பதாகச் சொன்னார். அதை ஏற்றுக்கொண்டு 1961 சீசன் முழுவதும் மைதானத்தைப் பயன்படுத்த யூடால் அனுமதித்தார்.

இந்தச் சமரசத்தை இரண்டு விதமாகப் பார்க்கலாம். ஒரு சீசனை வீணாக்கினார் என்பது ஒரு பார்வை. மைதானத்தை இழுத்துப் பூட்டியிருந்தால் மார்ஷல் தெற்கின் தியாகியாக ஆகியிருப்பார், வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்திருக்கும் என்பது மற்றொன்று. நான் இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன், ஆனால் ஒரு தயக்கத்தோடு. அந்தத் தயக்கத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இதனிடையே அதிகம் பேசப்படாத இன்னொன்று நடந்தது. அணிகள் தத்தம் தொலைக்காட்சி உரிமையைத் தனித்தனியே விற்காமல் லீக்காகச் சேர்ந்து விற்க வழிசெய்த விளையாட்டு ஒளிபரப்புச் சட்டத்தில் 1961 செப்டம்பர் 30-இல் கென்னடி கையெழுத்திட்டார். 1962-இல் தொடங்கிய சி.பி.எஸ். தொலைக்காட்சி ஒப்பந்தத்தின் ஆண்டுத்தொகை 46.5 லட்சம் டாலர். அதை 14 அணிகளும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டன. தெற்கத்திய வலைப்பின்னலை நம்பி மார்ஷல் போட்டிருந்த கணக்கு அதோடு காலாவதியானது. கென்னடி கையெழுத்திட்டது, புதிய மைதானத்தில் முதல் ஆட்டம் நடப்பதற்கு முந்தைய நாள். அரசின் ஒரு கை நிபந்தனை விதித்தபோது, மறு கை நிபந்தனையை மறுப்பதற்கான பொருளாதாரக் காரணத்தையே எடுத்துவிட்டது. திட்டமிட்டு நடந்ததாக நான் சொல்லவில்லை. விளைவு அப்படி அமைந்தது.

1961 டிசம்பர் 4

அந்தச் சீசனில் வாஷிங்டன் கடைசி வாரம்வரை ஓர் ஆட்டமும் வெல்லவில்லை. முடிவில் 1 வெற்றி, 12 தோல்வி, 1 சமன். மோசமான அணிக்கே முதல் தேர்வு என்பது டிராஃப்டின் வழக்கம். ஆக, கறுப்பினத்தவரை மறுத்ததால் விளைந்த தோல்வியே, நாட்டின் தலைசிறந்த கறுப்பினக் கல்லூரி வீரரைத் தேர்ந்தெடுக்கும் முதல் உரிமையை மார்ஷலின் கையில் கொண்டுவந்து கொடுத்தது.

அந்த வீரர் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் எர்னி டேவிஸ். சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை அவ்வாண்டு பெற்றவர்; அதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. வாஷிங்டன் அவரைத் தேர்ந்தெடுத்து, அந்த உரிமையைக் கிளீவ்லாந்துக்கு மாற்றிக்கொடுத்து, பதிலாக பாபி மிட்செலையும் லெராய் ஜாக்சனையும் பெற்றது. பிட்ஸ்பர்கிலிருந்து ஜான் நிஸ்பி வந்தார். வாக்கு காப்பாற்றப்பட்டது.

டேவிஸின் கதை இந்த ஆய்வுக்கு வெளியே போய்விடுகிறது, இருந்தும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1962-இல் அவருக்கு ரத்தப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. தொழில்முறை ஆட்டம் ஒன்றில்கூடக் களமிறங்காமல் 1963 மே 18-இல், 23 வயதில் இறந்தார்.

1962 சீசன்

மிட்செல் ஆர்கன்சாவின் ஹாட் ஸ்பிரிங்ஸில் பிறந்தவர்; இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஆடியவர். கிளீவ்லாந்தில் நான்கு ஆண்டுகள் ஜிம் பிரவுனுக்கு அருகில் நின்று ஓடியவர், ஆகவே எப்போதும் இரண்டாமவர். வாஷிங்டன் பயிற்சியாளர் பில் மெக்பீக் அவரைப் பந்தைச் சுமந்து ஓடும் இடத்திலிருந்து எடுத்து, ஓரத்தில் நின்று எறியப்படும் பந்தைப் பிடிக்கும் இடத்தில் வைத்தார். இது சமூக நீதிக்காக எடுத்த முடிவல்ல, ஆட்டத்தைப் புரிந்த ஒருவர் எடுத்த முடிவு. ஆனால் புதியவருக்கு அதுவே பெரிய உதவியாக அமைந்தது.

செப்டம்பர் 16, டாலஸில் முதல் ஆட்டம். எதிரணி உதைத்த பந்தைத் தன் பக்கத்தின் அடியாழத்தில் ஏந்திய மிட்செல், 92 யார்டு ஓடி டச்டவுன் எடுத்தார். பதினைந்து ஆண்டு வாதத்துக்கு அதைவிடச் சுருக்கமான பதில் இருக்க முடியாது. ஆட்டம் 35–35 என்று சமனில் முடிந்தது. அடுத்த வாரம் அவர் விட்டுவந்த கிளீவ்லாந்துக்கு எதிராக, ஆட்டத்தின் இறுதிக்கட்டத்தில் பந்தைப் பிடித்து ஓடி அவர் எடுத்த 50 யார்டு டச்டவுன் 17–16 என்ற வெற்றியைத் தந்தது. முந்தைய இரண்டு ஆண்டுகளில் மொத்தம் இரண்டே ஆட்டம் வென்ற அணி, முதல் ஆறு ஆட்டங்களில் நான்கை வென்றது, இரண்டைச் சமன் செய்தது. பிறகு தளர்ந்து 5 வெற்றி, 7 தோல்வி, 2 சமன் என்று முடித்தது. மிட்செல் 72 பந்துகளைப் பிடித்து 1,384 யார்டு சேர்த்தார். இரண்டிலும் லீக்கில் அவரே முதலிடம்.

மைதானத்துக்கு வெளியே

எண்கள் இவ்வளவு தெளிவாக இருந்ததால், மற்றது மறைந்துபோகும் ஆபத்து உண்டு. மிட்செல் பிற்காலத்தில் நினைவுகூர்ந்த ஒரு காட்சி இது. 1962-இல் அணிக்கு வரவேற்பு விருந்து. வாத்தியக்குழு 'டிக்சி' என்ற பழைய தென்மாநிலப் பாட்டை எடுக்கிறது. உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தரப்பின் பாட்டாகவே நிலைத்துவிட்டது அது. எல்லோரும் எழுந்து பாடுகிறார்கள். மிட்செலின் பக்கத்தில் நிற்கும் மார்ஷல் அவரைப் பாடச் சொல்கிறார். அணியின் முதல் கறுப்பின நட்சத்திரம், விருந்தாளிகள் பார்த்திருக்க, சில சொற்களை வாயசைத்து முணுமுணுக்கிறார்.

அந்த அறையில் யாரும் எந்த விதியையும் மீறவில்லை. யூடாலின் ஒழுங்குமுறை வேலையளிப்பைப் பற்றியது, பாட்டைப் பற்றியதல்ல. நகரின் ஓர் உணவகத்தில் ஒருவர் தம்மீது துப்பியதையும் மிட்செல் சொல்லியிருக்கிறார். அதற்கும் எந்த அலுவலகத்திலும் பதிவேடு இல்லை. ஒரு பந்தைத் தவறவிட்டால் அது ஒரு வீரரின் தவறாக இல்லாமல் ஓர் இனத்தின் தவறாக எண்ணப்படும் நெருக்கடியில், அவர் ஞாயிறுதோறும் களமிறங்கினார்.

பின்விளைவுகள்

மார்ஷல் 1963-இல் உருவான தொழில்முறைக் கால்பந்துப் புகழ்மன்றத்தின் முதல் வரிசையிலேயே இடம்பெற்றார். 1969 ஆகஸ்டில் இறந்தார். தம் சொத்தில் பெரும்பகுதியைக் குழந்தைகள் நலனுக்கான அறக்கட்டளைக்கு எழுதிவைத்த அவர், அந்தப் பணத்தில் ஒரு காசும் எந்த வடிவிலும் இன ஒருங்கிணைப்பை ஆதரிக்கும் காரியத்துக்குச் செலவாகக் கூடாது என்று உயிலில் நிபந்தனையும் விதித்திருந்தார். நிர்ப்பந்தம் நடத்தையை மாற்றும், எண்ணத்தை மாற்றாது என்பதற்கு இதைவிட நேரடியான ஆவணம் கிடைக்காது. ஆனால் அவர் இறந்தபோதும் அவரது அணியில் கறுப்பின வீரர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

1988 ஜனவரி 31-இல் அதே அணி சூப்பர் பவுல் வென்றபோது பந்தெறிந்து ஆட்டத்தை நடத்தியவர் டக் வில்லியம்ஸ். அந்த இறுதிப்போட்டியில் தொடக்கத்திலேயே களமிறங்கி வென்ற முதல் கறுப்பினக் குவாட்டர்பேக்.

மிட்செல் ஆட்டத்தை முடித்தபின் அணியின் அலுவலகத்தில் சேர்ந்து, வீரர் தேடும் பணியில் தொடங்கி, துணைப் பொது மேலாளர்வரை உயர்ந்தார். 1983-இல் புகழ்மன்றத்தில் இடம்பெற்றார். 1989-இல் பொது மேலாளர் பதவி காலியானபோது அது அவருக்குத் தரப்படவில்லை. 2003-இல் துணைப் பதவியிலேயே ஓய்வுபெற்றார். லீக்கில் பொது மேலாளர் என்ற பதவிப் பெயரோடு முதல் கறுப்பினத்தவர் அமர்ந்தது 2002-இல், பால்டிமோரில்.

மீண்டும் நடந்தால் எது மாற வேண்டும்

முதலில் நான் தள்ளிவைத்த தயக்கம். ஆகஸ்டு உடன்பாட்டில் கேட்கப்பட்டது டிராஃப்டில் ஒரு தேர்வு மட்டுமே. எத்தனை பேர், எந்தப் பணிகளில், எந்தக் கால எல்லைக்குள் என்ற கேள்விகள் இல்லை. பயிற்சியாளர்கள், வீரர் தேடுவோர், பயணச்சீட்டு அலுவலகம், நிர்வாகம் ஆகியவை பேச்சுவார்த்தையிலேயே இல்லை. களத்தின் கதவு திறந்ததும் அரசின் கண் அங்கிருந்து அகன்றது. 1989-இல் மிட்செல் எதிர்கொண்ட கதவு அதே கட்டடத்தின் மாடியில் இருந்தது. உரிமையாளர் மிகவும் நெருக்கப்பட்டிருந்த நாள் 1961 ஆகஸ்டுதான். அன்று கேட்காததை அதன்பின் கேட்பதற்கு யாரிடமும் நெம்புகோல் இல்லை.

இரண்டாவது, 1959-ஆம் ஆண்டுக் குத்தகைப் பத்திரம். லாஸ் ஏஞ்சலிஸ் பாடம் அப்போதே 13 வயதாகியிருந்தது. பொதுநிலத்தில் மைதானம் எழும்பும்போதே, பத்திரத்தில் ஒரு வரி சேர்த்திருந்தால் 1961-இன் மோதலுக்கே தேவை இருந்திருக்காது. கையெழுத்துக்கு முன் ஒரு வரி சேர்ப்பது எளிது. கையெழுத்துக்குப் பின் அதற்கு ஓர் அமைச்சரும் ஓர் ஒழுங்குமுறையும் ஐந்து மாத இழுபறியும் வேண்டியிருந்தன. இன்று நகரங்கள் மைதானம் கட்டப் பொதுப்பணம் தரும் இடங்களில் எல்லாம் கவனிக்க வேண்டிய பக்கம் இந்தப் பத்திரத்தின் பக்கம்தான்.

மூன்றாவதை அப்போதைய எவரும் ஒரு பிரச்சினையாகவே கண்டதாகத் தெரியவில்லை: முதலில் நுழைபவருக்கான ஆதரவு. மிட்செல், ஜாக்சன், நிஸ்பி ஆகியோர் எங்கே வீடு பார்ப்பார்கள், எந்த உணவகத்தில் சாப்பிடுவார்கள், அவமதிக்கப்பட்டால் அணியில் யாரிடம் போவார்கள் என்ற எதையும் உடன்பாடு தொடவில்லை. ரிக்கி ராபின்சனுக்காக இரண்டு ஆண்டுகள் தயாரிப்புச் செய்தார். போதாது என்றாலும் தயாரிப்பு இருந்தது. வாஷிங்டனில் நிபந்தனையை விதித்தவர் அரசு, ஏற்றவர் உரிமையாளர், சுமந்தவர்கள் மூன்று வீரர்கள்.

மார்ஷலின் நினைவுக்கல் 2020 ஜூன் 19-இல், 1961-இல் திறந்த அந்த டி.சி. மைதானத்தின் முன்னிருந்து அகற்றப்பட்டது. அடுத்த நாள், மிட்செல் அணிந்த 49-ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று அணி அறிவித்தது. அணி பின்னாளில் குடிபோன மைதானத்தின் கீழ்த்தளப் பார்வையாளர் பகுதிக்கு இருந்த மார்ஷலின் பெயரை நீக்கி மிட்செலின் பெயரை வைத்தது. செவ்விந்தியரை இழிவுபடுத்துவதாகப் பல ஆண்டுகள் எதிர்க்கப்பட்ட அணியின் பெயரே அடுத்த மாதம் கைவிடப்பட்டது. மிட்செல் அவ்வாண்டு ஏப்ரல் 5-இல், 84 வயதில் காலமாகியிருந்தார்.